பாஸ்வேர்டு சரிதான்... ஆனாலும் ஃபைல் திறக்கலையே! ஜாவாவில் பூட்டியது பைத்தானில் மக்கர் செய்வது ஏன்?

‘பேடிங் இஸ் இன்வேலிட் அண்ட் கேனாட் பி ரிமூவ்டு.’ டாட் நெட்டில் வேலை பார்க்கும் யாரிடமாவது இந்த வரியைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். ஜாவாக்காரர்களுக்கு ‘பேட் பேடிங் எக்ஸப்ஷன்’. ஓபன்எஸ்எஸ்எல் பயன்படுத்துபவர்களுக்கு வெறும் இரண்டே வார்த்தை: ‘பேட் டிக்ரிப்ட்’. மூன்றும் சொல்வது ஒன்றைத்தான். “திறக்க முடியலை, ஏன்னு மட்டும் கேட்காதீங்க.”

ஒரு மொழியில் எழுதிய புரோகிராம் பூட்டிய ஃபைலை, இன்னொரு மொழியில் எழுதிய புரோகிராம் திறக்க முடியாமல் போவது சாஃப்ட்வேர் உலகில் அன்றாடப் பிரச்னை. கீ ஒன்றுதான், அல்காரிதம் பெயரும் ஒன்றுதான். ஆனாலும் வேலை நடக்காது. ஐடி ஆபீஸில் இது நடந்தால் ஒரு டிக்கெட் போட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி பில் போட உட்கார்ந்த நேரத்தில் நடந்தால்?

குறிஞ்சிப்பாடியில் ஒரு பில்

ஒரு கற்பனை உதாரணம். கடலூர் - விருத்தாசலம் ரயில் பாதையில், நெய்வேலிக்குப் பக்கத்தில் இருக்கிறது குறிஞ்சிப்பாடி. அங்கே ஒரு சிறு தொழிற்கூடம். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளுக்கு ரோலர் செய்து கொடுக்கிறார்கள். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது.

5 கோடி என்ற எண் முக்கியம். ஜிஎஸ்டியில் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது 2020 அக்டோபர் 1-ல், 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு. பிறகு 100 கோடி, 50, 20, 10 என்று படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் வந்துவிட்டது. இன்னொரு நிறுவனத்துக்குப் பில் போட்டால், அந்த பில் விவரம் அரசு போர்ட்டலுக்குப் போய், ‘ஐஆர்என்’ என்ற 64 எழுத்து அடையாள எண்ணோடு திரும்ப வர வேண்டும். வராவிட்டால்? ஜிஎஸ்டி விதி 48-ன் படி அது இன்வாய்ஸே கிடையாது. வாங்குபவருக்கு இன்புட் டேக்ஸ் கிரெடிட் சிக்கல். சிக்கலான பில்லுக்கு யார் பணம் அனுப்புவார்கள்?

ஒன்றிரண்டு பில் என்றால் போர்ட்டலிலேயே டைப் செய்துவிடலாம். தினமும் பத்து, இருபது என்றால் பில்லிங் சாஃப்ட்வேரே போர்ட்டலோடு பேச வேண்டும். தேசிய தகவல் மையமான என்ஐசி அதற்கான ஏபிஐ-யைக் கொடுக்கிறது. நேரடியாகவோ, ‘ஜிஎஸ்டி சுவிதா ப்ரொவைடர்’ எனப்படும் இடைநிலை நிறுவனங்கள் மூலமாகவோ அதில் இணையலாம். போகிற தகவல், வருகிற தகவல் எல்லாமே மறையாக்கம் செய்யப்பட்டவை. என்ஐசியின் மாதிரி கோடு ஒரு மொழியில் இருக்கும். நம் ஊர்த் தொழிற்கூடத்தின் பில்லிங் சாஃப்ட்வேர் இன்னொரு மொழியில் இருக்கும். மல்லுக்கட்டு ஆரம்பிப்பது இங்கேதான்.

“தம்பி, பில்லு போகலைனா வண்டி கிளம்பாதுப்பா.”

“அஞ்சு நிமிஷம்ண்ணே, கீ எல்லாம் கரெக்டாதான் இருக்கு...”

அந்த அஞ்சு நிமிஷம் ராத்திரி வரை நீண்ட கதைகள் பல ஊர்களில் உண்டு.

மூணு சாவி, ஒரு பூட்டு

இ-இன்வாய்ஸ் ஏபிஐ எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்தால், எங்கே இடிக்கிறது என்பதும் புரியும்.

முதலில் உங்கள் சாஃப்ட்வேர் 32 பைட் நீளமுள்ள ஒரு ரேண்டம் சாவியை உருவாக்கும். இதன் பெயர் ‘ஆப் கீ’. யூசர் நேம், பாஸ்வேர்டோடு சேர்த்து இதையும் என்ஐசியின் பப்ளிக் கீயால் ஆர்எஸ்ஏ முறையில் பூட்டி அனுப்ப வேண்டும். போர்ட்டல் அதைத் திறந்து பார்த்து, ஒரு டோக்கனையும் ‘எஸ்இகே’ என்ற செஷன் சாவியையும் திருப்பித் தரும். அந்தச் செஷன் சாவி, நீங்கள் அனுப்பிய ஆப் கீயாலேயே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறந்து எடுத்தால்தான் பில்லைப் பூட்டி அனுப்பவும், வரும் பதிலைத் திறக்கவும் முடியும்.

இதில் அதிகம் பேர் விழும் குழி எது தெரியுமா? செஷன் சாவியைச் சரியாகத் திறந்துவிட்டு, அதை ‘ஸ்ட்ரிங்’ ஆக மாற்றுவது.

சாவி என்பது 32 பைட்டுகள். அதாவது 0 முதல் 255 வரையுள்ள 32 எண்கள். அது எழுத்து அல்ல. அதை யுடிஎஃப்-8 எழுத்துகளாகப் படிக்கச் சொன்னால், எழுத்தாகப் பொருந்தாத பைட்டுகளுக்குப் பதில் கேள்விக்குறி போட்ட வைர வடிவக் குறி ஒன்றைப் பல மொழிகள் சத்தமில்லாமல் வைத்துவிடும். அந்த ஒரு குறி மட்டும் 3 பைட். மறுபடி பைட்டாக மாற்றினால் 32 என்பது 50, 60 என்று வீங்கியிருக்கும். சாவி அந்த நொடியே செத்துவிட்டது. ஆனால் புரோகிராம் புகார் சொல்லாது. நாலு வரி தள்ளி, பில்லைப் பூட்டும் இடத்தில்தான் எரர் வரும். தேடுகிற ஆள் அந்த நாலாவது வரியையே முறைத்துக்கொண்டிருப்பார்.

இதன் தம்பி இன்னொரு பிழை. 32 பைட் சாவியை பேஸ்64 வடிவத்தில் எழுதினால் 44 எழுத்து வரும். பேஸ்64 என்பது பூட்டு அல்ல. பைட்டுகளைப் பாதுகாப்பாக அனுப்ப, சாதாரண எழுத்துகளில் எழுதிக்கொள்ளும் முறை மட்டுமே. அந்த 44 எழுத்தை டிகோட் செய்யாமல் அப்படியே சாவியாகக் கொடுத்தால் என்ன ஆகும்? பைத்தானின் பைகிரிப்டோடோம் உடனே “சாவியின் நீளம் தப்பு” என்று சண்டைக்கு வரும். பிஎச்பியின் ஓபன்எஸ்எஸ்எல் ஃபங்ஷன் ஒன்றுமே சொல்லாது. முதல் 32 எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டு வேலையை முடித்துவிடும். நீளம் குறைந்தால் பூஜ்ஜியங்களை நிரப்பிக்கொள்ளும். அதாவது பிஎச்பியில் தப்பான சாவியாலும் பூட்டலாம், அதே தப்பான சாவியால் திறக்கலாம். “எங்க சைடுல வொர்க் ஆகுதே சார்” என்ற புகழ்பெற்ற வசனம் பல நேரம் இங்கிருந்துதான் பிறக்கிறது. சண்டை போடும் லைப்ரரிதான் நல்ல லைப்ரரி.

பிகேசிஎஸ்5-ஆ, 7-ஆ?

ஏஇஎஸ் 16 பைட் கொண்ட கட்டங்களாகத்தான் தகவலைப் பூட்டும். கடைசிக் கட்டம் நிறையாவிட்டால் எதையாவது வைத்து நிரப்ப வேண்டும். அதுதான் பேடிங். எத்தனை பைட் குறைகிறதோ அந்த எண்ணையே அத்தனை முறை எழுதுவது பிகேசிஎஸ்7 முறை. 5 பைட் குறைந்தால் 5, 5, 5, 5, 5.

என்ஐசி ஆவணம் ‘ஏஇஎஸ், ஈசிபி, பிகேசிஎஸ்7’ என்கிறது. ஜாவாவில் அப்படியே டைப் செய்தால், அதன் வழக்கமான லைப்ரரி “அப்படி ஒன்று என்னிடம் இல்லை” என்றுவிடும். காரணம் வேடிக்கையானது. ஜாவா அதே வேலையை ‘பிகேசிஎஸ்5’ என்ற பழைய பெயரில் செய்கிறது. பிகேசிஎஸ்5 உண்மையில் 8 பைட் கட்டங்களுக்கான வரையறை. ஏஇஎஸ் காலத்திலும் ஜாவா அந்தப் பெயரை மாற்றவில்லை. பெயர்தான் வேறு, ஆள் ஒன்றுதான். 7-ஐ 5 ஆக்கினால் முடிந்தது. கூடுதலாக ஒரு லைப்ரரியை இறக்கி இதைத் தீர்த்தவர்களும் உண்டு. அதற்கு அவசியமே இல்லை.

பைத்தானில் நிலைமை தலைகீழ். பேடிங்கைத் தானாகச் சேர்க்கவும் செய்யாது, எடுக்கவும் செய்யாது. நீங்கள்தான் செய்ய வேண்டும். திறந்த ஜேசனின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத சில குப்பை எழுத்துகள் ஒட்டிக்கொண்டு, ஜேசன் பார்சர் திணறினால் காரணம் இதுதான்.

ஈசிபி பற்றி ஒரு வார்த்தை. ஒரே மாதிரியான 16 பைட், ஒரே சாவியால் எப்போதும் ஒரே மாதிரிதான் பூட்டப்படும் என்பதால் பாதுகாப்பு நிபுணர்களுக்கு இந்த முறை பிடிக்காது. 2020-ல் ஜூம் செயலி ஈசிபி பயன்படுத்தியதை கனடாவின் சிட்டிசன் லேப் வெளியிட்டபோது பெரிய சர்ச்சையானது. இ-இன்வாய்ஸில் சாவி அடிக்கடி மாறுகிறது, மொத்தமும் எச்டிடிபிஎஸ் குழாய்க்குள்தான் போகிறது என்பதால் ஆபத்து குறைவு. ஆனால் உங்கள் சொந்த ஃபைல்களைப் பூட்ட இதைக் காப்பியடிக்காதீர்கள். ஜாவாவில் வெறுமனே ‘ஏஇஎஸ்’ என்று மட்டும் எழுதினால் அது ஈசிபியைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். டாட் நெட் அதே இடத்தில் சிபிசி முறையை எடுக்கும். ‘டீஃபால்ட்’ என்ற ஒரே வார்த்தைக்கு ஊருக்கு ஊர் வேறு அர்த்தம்!

திறக்கவே வேண்டாதவற்றைத் திறக்கப் பார்ப்பது

ஐஆர்என் என்ற அந்த 64 எழுத்தை ‘டிக்ரிப்ட்’ செய்ய முயல்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது. அது ஷா-256 ஹேஷ். விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, பில் எண், நிதியாண்டு இவற்றை அரைத்து எடுத்த சாறு. சாற்றிலிருந்து கரும்பு வராது.

அதேபோல, போர்ட்டல் தரும் கையொப்பமிட்ட இன்வாய்ஸும், க்யூஆர் கோடும் பூட்டப்பட்டவையே அல்ல. அவை ‘ஜேடபிள்யூடி’ வடிவத்தில் கையெழுத்து போடப்பட்டவை. புள்ளி வைத்துப் பிரித்த மூன்று துண்டுகளில் நடுத்துண்டை பேஸ்64 டிகோட் செய்தாலே விவரம் தெரிந்துவிடும். கையெழுத்து உண்மையா என்று சோதிக்க மட்டும்தான் பப்ளிக் கீ வேண்டும்.

எரர் ஏன் இவ்வளவு ஊமையாக இருக்கிறது?

“சாவி தப்பு”, “பேடிங் தப்பு” என்று தனித்தனியாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? குறையும். 2002-ல் செர்ஜ் வோடினே என்ற கிரிப்டோகிராஃபர் ஒரு தாக்குதலை விளக்கினார். பேடிங் சரியா, தப்பா என்ற ஒரே ஒரு தகவலை சர்வர் கசியவிட்டால் போதும், சாவியே இல்லாமல் சிபிசி முறையில் பூட்டிய செய்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துவிடலாம் என்று காட்டினார். அதனால் நிறைய விளக்கமளிக்கும் எரரே ஆபத்து என்ற நிலை. நம்மைக் கடுப்பேற்றும் மௌனத்தில் கொஞ்சம் வேண்டுமென்றே செய்ததுதான்.

எரர் பேசாவிட்டால் பரவாயில்லை, திறந்தபின் வரும் குப்பை பேசும். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சிபிசி முறையில் முதல் 16 எழுத்து மட்டும் கந்தல், மீதியெல்லாம் சுத்தமாக வருகிறதா? சாவி சரி. ‘ஐவி’ எனப்படும் தொடக்க மதிப்பு மட்டும்தான் தப்பு. சிலர் ஐவியை ஃபைலின் முதல் 16 பைட்டாக வைத்து அனுப்புவார்கள், சிலர் தனியாக அனுப்புவார்கள், சிலர் பதினாறு பூஜ்ஜியம் என்று பேசாமல் வைத்துக்கொள்வார்கள். அந்த மூன்றில் எது என்று கேட்டுவிடுங்கள். மொத்தமும் குப்பையா? சாவி அல்லது முறை தப்பு. பெரும்பாலும் குப்பைகூட வராது, பேடிங் எரர்தான் வரும். ஆனால் தப்பான சாவிக்கும் ஏறக்குறைய 256-ல் ஒரு முறை எரர் இல்லாமல் குப்பை வெளியே வரும். “ஒரு தடவை ஓப்பன் ஆச்சே” என்று நம்பி ஏமாறுவது இப்படித்தான். எல்லாம் சரியாக வந்து தமிழ் எழுத்துகள் மட்டும் கேள்விக்குறியாக நிற்கிறதா? அது டிக்ரிப்ஷன் பிரச்னையே இல்லை. பைட்டை எழுத்தாக்கும்போது எந்த என்கோடிங் என்று சொல்ல மறந்திருக்கிறீர்கள்.

பூட்டிய தகவலின் நீளத்தையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். ஈசிபி, சிபிசி முறைகளில் அது 16-ன் மடங்காக இல்லாவிட்டால், வரும் வழியிலேயே ஃபைல் சேதமாகிவிட்டது என்று அர்த்தம். யுஆர்எல் வழியாக வந்த பேஸ்64-ல் கூட்டல் குறி காலி இடமாக மாறியிருக்கலாம். விண்டோஸ் பவர்ஷெல் 5.1-ல் ‘கிரேட்டர் தேன்’ குறி போட்டு ஃபைலில் சேமித்திருந்தால், அது பைனரியை எழுத்தாக நினைத்து யுடிஎஃப்-16-ல் எழுதிவைத்திருக்கும். அந்த ஃபைலை எந்தச் சாவியாலும் திறக்க முடியாது. மூல ஃபைலை மறுபடி வாங்குவதுதான் வழி.

7 எழுத்து, 42 பைட்

தமிழில் பாஸ்வேர்டு வைப்பவர்களுக்கு என்றே ஒரு தனிப் பிரச்னை இருக்கிறது. ஆங்கில வழிகாட்டிகளில் இது பெரும்பாலும் இருக்காது.

‘குறிஞ்சிப்பாடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் 7 எழுத்து. யூனிகோடில் ‘கு’ என்பது க, உகரக் குறி என்று இரண்டு குறியீடுகள். இப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு போட்டால் 14. யுடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் என்பதால் 42 பைட். டாட் நெட்டில் ‘என்கோடிங் டாட் யூனிகோட்’ என்று எழுதினால் அது யுடிஎஃப்-16. அதில் 28 பைட். ஒரே ஊர்ப் பெயர், இரண்டு வெவ்வேறு சாவிகள். ஏஇஎஸ்-256-க்கு வேண்டிய 32 பைட் இரண்டிலும் இல்லை. ஒருபுறம் வெட்டு விழும், மறுபுறம் பூஜ்ஜியம் நிரம்பும், அல்லது எரர் வரும்.

இதைவிடக் குசும்பான ஒன்று உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை க-வோடு ஒரே ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம், க-வோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. பைட்டில் வேறு. ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு கீபோர்டு, போனில் இன்னொரு கீபோர்டு என்றால், கண்ணால் பார்த்துச் சரி என்று உறுதி செய்த பாஸ்வேர்டு தப்பாகவே இருக்கலாம். ‘யூனிகோட் நார்மலைசேஷன்’ என்ற ஒரு வரி கோடு இந்தச் சிக்கலைத் தீர்க்கும். பூட்டும் பக்கமும் திறக்கும் பக்கமும் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

புரோகிராமர் அல்லாதவர்களும் இதன் தங்கையைச் சந்தித்திருப்பார்கள். டவுன்லோடு செய்த இ-ஆதார் பிடிஎஃப். பெயரின் முதல் நான்கு எழுத்து பெரிய எழுத்தில், கூடவே பிறந்த ஆண்டு. இதுதான் பாஸ்வேர்டு. இனிஷியலை முன்னால் போடும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே இடிக்கும். ஆதாரில் பெயர் ‘பி. குமார்’ என்று ஆங்கிலத்தில் இருந்து, பிறந்த ஆண்டு 1990 என்றால், பி என்ற எழுத்து, புள்ளி, குமாரின் முதல் இரண்டு எழுத்து, பிறகு 1990. புள்ளியும் கணக்கில் உண்டு, இடைவெளி கிடையாது. மூன்றெழுத்துப் பெயர் என்றால் அந்த மூன்றோடு ஆண்டு. பலர் இனிஷியலை விட்டுவிட்டு ‘குமா’ என்று தொடங்கி, “பிடிஎஃப் கரப்ட் ஆயிடுச்சு” என்று மறுபடி மறுபடி டவுன்லோடு செய்கிறார்கள்.

எச்ஆர் பிரிவில் இதுபோன்ற பூட்டிய ஃபைல்களைப் பைத்தான் ஸ்கிரிப்ட் வைத்துத் திறப்பவர்களுக்கு ஒரு தகவல். பைத்தானோடு வரும் ஜிப் மாட்யூல், ஏஇஎஸ்ஸால் பூட்டிய ஜிப்பைத் திறக்காது. பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் “இந்த கம்ப்ரெஷன் முறை தெரியாது” என்று சம்பந்தமில்லாமல் பேசும். பைஜிப்பர் போன்ற தனி லைப்ரரி வேண்டும்.

பழைய பேக்கப் என்னும் பூதம்

நம் தொழிற்கூடத்துக்குத் திரும்புவோம். ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். சரி, பேக்கப் இருக்கிறது. பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். பூட்டிய சாஃப்ட்வேர் இன்றைக்கு இருக்கிறதா?

ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1. அதே ஆண்டு நவம்பரில் பிஎச்பி 7.2 வெளியானது. அந்தப் பதிப்பிலிருந்து ‘எம்கிரிப்ட்’ என்ற பழைய லைப்ரரி தூக்கப்பட்டது. அதற்கு முன்பு எழுதிய பில்லிங் சாஃப்ட்வேர்கள் அதை நம்பித்தான் இருந்தன. அதில் ‘ரைன்டால் 256’ என்று ஒரு தேர்வு இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் அதை ஏஇஎஸ்-256 என்றே நினைத்தார்கள். இல்லை.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோன் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரும் உருவாக்கிய ரைன்டால் பல கட்ட அளவுகளை ஏற்கும். 2001-ல் அமெரிக்காவின் நிஸ்ட் அதை ஏஇஎஸ் என்று தரப்படுத்தியபோது கட்டத்தின் அளவை 128 பிட், அதாவது 16 பைட் என்று நிர்ணயித்துவிட்டது. ஏஇஎஸ்-256-ல் உள்ள 256 சாவியின் அளவு. எம்கிரிப்டின் ரைன்டால் 256-ல் உள்ள 256 கட்டத்தின் அளவு. எண் ஒன்று, பொருள் வேறு. அப்படிப் பூட்டிய ஃபைலை உலகின் எந்த ஏஇஎஸ் லைப்ரரியாலும் திறக்க முடியாது. டாட் நெட்டின் பழைய ஃபிரேம்வொர்க் திறக்கும், புதிய டாட் நெட் “கட்டம் 128-தான் இருக்கணும்” என்று மறுத்துவிடும். பழைய பேக்கப் ஃபைல்களின் நீளம் எல்லாம் 32-ன் மடங்காகவே இருந்தால் இந்தச் சந்தேகத்தை முதலில் எழுப்புங்கள். பழைய பிஎச்பி உள்ள ஒரு தனிக் கணினியில், இணையத்தோடு இணைக்காமல், ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து புதிய முறையில் பூட்டி வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. அதைச் செய்ய நல்ல நேரம் ஆடிட்டர் நோட்டீஸ் வருவதற்கு முன்பு!

ஓபன்எஸ்எஸ்எல் கமாண்டில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியவர்களுக்கு வேறு கதை. பாஸ்வேர்டு நேரடியாகச் சாவி ஆகாது. அதை ஒரு ஹேஷ் வழியாகக் கடைந்துதான் சாவி எடுப்பார்கள். 2016-ல் வந்த 1.1.0 பதிப்பு, அந்த ஹேஷை எம்டி5-லிருந்து ஷா-256 ஆக மாற்றிவிட்டது. பழைய சர்வரில் பூட்டிய ஃபைல், புது சர்வரில் அதே கமாண்ட், அதே பாஸ்வேர்டு. பதில்: பேட் டிக்ரிப்ட். கமாண்டில் ‘-எம்டி எம்டி5’ என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் சட்டென்று திறந்துவிடும். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும் வகைத் தீர்வு. 2018-ல் வந்த 1.1.1-ல் பிபிகேடிஎஃப்2 என்ற இன்னும் வலுவான முறை விருப்பத் தேர்வாகச் சேர்ந்தது. பூட்டும்போது அதைப் போட்டிருந்தால் திறக்கும்போதும் போட வேண்டும்.

இப்படிப் பூட்டிய ஃபைலை அடையாளம் காண்பது சுலபம். முதல் 8 பைட்டில் ‘சால்ட்டட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இரண்டு அடிக்கோடும் இருக்கும். அடுத்த 8 பைட் சால்ட். பேஸ்64-ல் பார்த்தால் யூ, 2, எஃப் என்று தொடங்கும். பிரவுசரில் ஓடும் கிரிப்டோஜேஎஸ் லைப்ரரியும் பாஸ்வேர்டு கொடுத்தால் இதே வடிவத்தில்தான் பூட்டும், எம்டி5 வைத்து. அதை ஜாவாவிலோ பைத்தானிலோ திறக்க வேண்டுமானால் பாஸ்வேர்டைச் சாவியாகக் கொடுத்துப் பயனில்லை. முதல் 16 பைட்டை ஒதுக்கிவிட்டு, சால்ட்டையும் பாஸ்வேர்டையும் சேர்த்து அதே எம்டி5 கடைசலை நீங்களும் கடைந்து சாவியையும் ஐவியையும் எடுக்க வேண்டும்.

புதிதாக எழுதுகிறவர்கள் ஜிசிஎம் முறைக்குப் போகிறார்கள். ஆதார் அதென்டிகேஷன் ஏபிஐ-யின் 2.0 பதிப்பும் ஜிசிஎம்தான். அங்கே ஐவி ரேண்டமாக வருவதில்லை, நேர முத்திரையின் கடைசி 12 பைட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. ஜிசிஎம்மில் பேடிங் தொல்லை இல்லை. பதிலுக்கு ‘டேக்’ என்ற 16 பைட் முத்திரை உண்டு. ஜாவா, கோ, பிரவுசரின் வெப் கிரிப்டோ ஆகியவை அதைப் பூட்டிய தகவலின் வாலில் ஒட்டித் தரும். டாட் நெட், பிஎச்பி, பைகிரிப்டோடோம் தனியாகத் தரும். ஜாவா அனுப்பியதை டாட் நெட்டில் திறக்க, கடைசி 16 பைட்டை வெட்டித் தனியாகக் கொடுத்தால் போதும்.

டாட் நெட் 6-க்கு மாறியவர்களுக்கு மட்டும் ஒன்று: திறந்த ஃபைல் பாதியில் நின்றுபோகிறதா? கிரிப்டோ ஸ்ட்ரீமை ஒரே ஒரு ‘ரீட்’ போட்டுப் படிக்கும் பழைய கோடு காரணமாக இருக்கலாம். 2021 நவம்பரில் வந்த அந்தப் பதிப்பிலிருந்து, கேட்ட அளவு முழுவதும் ஒரே தடவையில் வரும் என்ற உத்தரவாதம் போய்விட்டது. தீரும்வரை திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

கடைசியில் எங்கே கேட்பது?

எல்லாம் பார்த்தும் திறக்கவில்லை என்றால், இரு பக்கமும் ஒரே விஷயத்தைத்தான் வைத்திருக்கிறார்களா என்று ஒப்பிடுவதுதான் குறுக்குவழி. பூட்டுபவரும் திறப்பவரும் சாவியை, ஐவியை, பூட்டிய தகவலின் முதல் கட்டத்தை ஹெக்ஸ் எண்களாக அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். “கீ சேம்தான் சார்” என்று போனில் சொல்வதை நம்ப வேண்டாம். வேறுபாடு எந்த இடத்தில் தொடங்குகிறதோ, பிழை அதற்கு ஒரு படி முன்னால் இருக்கிறது. சுலபமான ஒரு சோதனைத் தகவலை, ஐந்தெழுத்துச் சொல்லாக இருந்தாலும் சரி, இரு பக்கமும் பூட்டி ஒரே விடை வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் நிஜ ஃபைலுக்குப் போகலாம்.

இந்த நேரத்தில்தான் பலர் நிஜ சாவியையும் நிஜ பில்லையும் ஏதோ ஒரு ‘ஆன்லைன் டிக்ரிப்ட்’ தளத்தில் ஒட்டிப் பார்க்கிறார்கள். அந்தத் தளத்தின் சர்வர் எங்கே இருக்கிறது, எதைச் சேமிக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஊழியர், வாடிக்கையாளர் விவரம் அதில் இருந்தால், 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கூடவே வரும். பாதுகாப்பு ஏற்பாடுகளில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. வெளியே யாரிடமாவது காட்டிக் கேட்கத்தான் வேண்டும் என்றால், சோதனைக்கான சாண்ட்பாக்ஸில் புதிதாக ஒரு சாவி உருவாக்கி, கற்பனை பில் ஒன்றைப் பூட்டி, அதைக் காட்டுங்கள். கோடில் உள்ள பிழை அதிலும் அப்படியே தெரியும்.

பில்லுக்குக் காலக்கெடு வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல், விற்றுமுதல் 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் போர்ட்டலில் ஏற்றியாக வேண்டும், தாண்டினால் போர்ட்டல் ஏற்காது. 5 முதல் 10 கோடிக்குள் இருப்பவர்களுக்கு அந்தக் கெடு பொருந்தாது. அவசரம் என்றால் ஏபிஐ சரியாகும் வரை, பில்லை நேரடியாக இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் டைப் செய்து ஐஆர்என் வாங்கி வண்டியை அனுப்பிவிடலாம். சாஃப்ட்வேரிலும் அந்த ஐஆர்என்னைப் பதிந்துவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் ஏபிஐ உயிர்பெற்றதும் அதே பில்லை மறுபடி அனுப்பி, டூப்ளிகேட் ஐஆர்என் என்ற புது எரரோடு வந்து நிற்கும்.